கோட்டைக்குள் ஒரு கோயிலும் அதன் பதிவேடுகளும்



சங்கச் செயலாளர் இரண்டு மாதம் முன்னால் காதர்பேட்டைக் கடைக்கே நேரில் வந்துவிட்டார். "மலருக்கு ஒரு கட்டுரை வேணுமுங்க. நீங்க ஹிஸ்டரி படிச்சவரு. நம்ம காலேஜோட முதல் செட்டுப் பசங்களைப் பத்தி எழுதிக் குடுத்துருங்க" என்றார். பனியன் வியாபாரத்தில் இத்தனை வருஷம் புரண்டபிறகும் என்னை ஹிஸ்டரி படித்தவன் என்று ஒருத்தர் நினைவு வைத்திருக்கிறாரே என்ற சந்தோஷத்தில் சரி என்று சொல்லிவிட்டேன்.

சொன்னபிறகுதான் கஷ்டம் தெரிந்தது. முதல் செட்டுச் சேர்க்கைப் பதிவேட்டைத் தேடினால், கரையான் அரித்த கட்டு ஒன்றுதான் மிஞ்சியது. வகுப்பு போட்டோ ஒன்று நண்பர் வீட்டுப் பரணில் கிடைத்தது. அதில் 34 பேர் நிற்கிறார்கள். பின்புறம் பென்சிலில் எழுதியிருந்த பெயர்களில் படிக்க முடிந்தது 11. மீதி 23 பேர் யார்? உயிரோடிருக்கும் நாலைந்து பெரியவர்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் ஓரமாக நிற்கும் ஒல்லியான பையனுக்கு மட்டும் மூன்று பெயர் கிடைத்தது!

ஆகவே கேட்ட கட்டுரையை என்னால் எழுத முடியவில்லை. அதற்குப் பதிலாக, முந்நூற்று நாற்பது வருஷத்துக்கு மேலாகத் தன் ஆட்களின் பெயரை எழுதி வைத்திருக்கும் ஓர் இடத்தைப் பற்றி எழுதுகிறேன். சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் பரிசுத்த மரியாள் ஆலயம். நம்மில் பலரும் தலைமைச் செயலகத்துக்கு மனு எடுத்துக்கொண்டு போயிருப்போம். அதே வளாகத்தில்தான் இருக்கிறது. பார்த்தும் பாராமல் வந்திருப்போம்.

நான் முதல் தடவை உள்ளே நுழைந்ததும் அப்படித்தான். ஒரு விண்ணப்ப விஷயமாகப் போயிருந்தேன். அதிகாரி மீட்டிங்கில் இருக்கிறார், மூன்று மணிக்கு வாருங்கள் என்றார்கள். வெயில் தாங்காமல் நிழல் தேடிப் போனவன், கோயில் கதவு திறந்திருக்கவே உள்ளே போய் உட்கார்ந்தேன். வெளியே நெருப்பு மாதிரி வெயில், உள்ளே குளுகுளுவென்றிருந்தது. ஏன் அப்படி என்று அண்ணாந்து பார்த்தபோதுதான் கூரையைக் கவனித்தேன்.

அந்தக் கூரையில் மரமே கிடையாது. மூன்று பெரிய பீப்பாயை நெடுகப் பிளந்து கவிழ்த்துவைத்த மாதிரி வளைவுகள். கனம் 2 அடி. வெளிச்சுவர் 4 அடி. பீரங்கிக் குண்டு விழுந்தாலும் புயலடித்தாலும் அசையக்கூடாது என்று கட்டியது. கோட்டைக்குள் சண்டை வந்தால் ஒளிந்துகொள்ள உதவும் என்கிற யோசனை. கும்பிடுகிற இடத்தைக் கட்டும்போதே குடோனுக்கான பலத்தோடு கட்டியிருக்கிறார்கள், வியாபாரிகள் அல்லவா! பின்னாளில் பிரெஞ்சுக்காரர் 1746-ல் கோட்டையைப் பிடித்து 1749 வரை வைத்திருந்தபோது இதைக் கிடங்காகத்தான் உபயோகித்தார்கள்.

கட்டிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலேயக் கம்பெனி 1639-ல் சென்னையில் இடம் வாங்கியதே துணிக்காகத்தான். நெசவுத் துணி இங்கே மலிவாகவும் நன்றாகவும் கிடைக்கும் என்பதே முக்கியக் காரணம். ஆனால் வந்து நாற்பது வருஷம் வரை அவர்களுக்கென்று தனியாகக் கோயில் கட்டவில்லை. பண்டகசாலை வீட்டுச் சாப்பாட்டு அறையில் ஜெபம் நடத்தினார்கள். ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் என்பவர் கோட்டைக்குத் தலைவராக வந்தபிறகு, 1678 மார்ச் 25-ஆம் தேதி வேலையை ஆரம்பித்தார். அது மரியாளுக்குரிய திருநாள், ஆகவே கோயிலுக்கும் அந்தப் பெயர். லண்டனில் இருந்த கம்பெனி முதலாளிகளிடம் காசு கேட்கவில்லை. கோட்டையிலிருந்தவர்கள் பட்டியல் போட்டு வசூல் பண்ணினார்கள். 805 வராகன் சேர்ந்தது. 1680 அக்டோபர் 28-ல் பிரதிஷ்டை நடந்தது. படைவீரர் எல்லோரும் அணிவகுத்துத் துப்பாக்கி வெடிக்க, கோட்டையைச் சுற்றிலும் பீரங்கி முழங்கியதாம். சூயஸுக்குக் கிழக்கே மிகப் பழைய ஆங்கிலிக்கன் கோயில் இதுதான் என்று சொல்லுவார்கள்.

கட்டடத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது பதிவேடுகள். ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் என்று மூன்று வகை. பிறந்த குழந்தைக்கு ஒரு வரி, கல்யாணத்துக்கு ஒரு வரி, செத்தால் ஒரு வரி. கோயில் திறந்த அதே 1680-லிருந்து எழுதியிருக்கிறார்கள்.

விவாகப் பதிவேட்டில் முதல் கல்யாணம், கோயில் திறந்த ஏழாம் நாள், 1680 நவம்பர் 4. மாப்பிள்ளை எலிஹு யேல். பெண் காதரின் ஹின்மர்ஸ். அந்தம்மா விதவை. முதல் கணவர் ஜோசப் ஹின்மர்ஸ் கோட்டைச் சபையில் பெரிய பதவியிலிருந்து அதே வருஷம் இறந்துபோனவர்.

இந்த யேல் யாரென்று நம் மாதிரி முன்னாள் மாணவர் சங்கத்துக்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டனில் 1649-ல் பிறந்து, 1672-ல் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தவர். எழுத்தர் என்றால் நம்மூர்க் கணக்கில் குமாஸ்தா. 1687-ல் கவர்னராகவே ஆகிவிட்டார். கம்பெனி வியாபாரத்தோடு சொந்த வியாபாரமும் பண்ணிப் பெரும் பணம் சேர்த்தார். முறைகேடு என்று புகார் எழுந்து 1692-ல் பதவி போயிற்று. 1699-ல் சீமைக்குக் கப்பலேறினார். அவர் கவர்னராக இருந்த காலத்தில் கோட்டையிலிருந்து அடிமைகளைக் கப்பலில் ஏற்றிய விவரமும் கோட்டை ஆலோசனைக் குறிப்புகளில் இருக்கிறது.

சீமையில் அவர் ஓய்வாக இருக்கையில், அமெரிக்காவில் கனெக்டிகட்டிலே ஒரு ஏழைக் கல்லூரி கட்டடம் முடிக்கக் காசில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது. காட்டன் மேதர் என்ற பாதிரியார் யேலுக்கு ஒரு கடிதம் போட்டார். உதவி செய்தால் கல்லூரிக்கு உங்கள் பெயரே வைத்துவிடலாம் என்பதுதான் அதன் சாரம். நன்கொடை கேட்கும் பாஷை முந்நூறு வருஷமாக மாறவில்லை பாருங்கள்! யேல் 1718-ல் அனுப்பியது 417 புத்தகம், ஜார்ஜ் மன்னரின் படம் ஒன்று, அப்புறம் 9 பேல் சரக்கு. சரக்கில் முக்கியமானது துணி. அதை விற்றதில் 562 பவுன் கிடைத்தது. அதுதான் இன்றைய யேல் பல்கலைக்கழகம். அந்தப் பல்கலைக்கழகம் தனது பழைய அடிமைத்தனத் தொடர்புகளுக்காக 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பேல் பேலாகத் துணி கட்டி அனுப்புகிற நம் ஊர்க்காரர்களுக்கு, 9 பேல் சரக்கில் ஒருத்தன் பெயர் உலகம் பூராவும் நின்றுவிட்டது என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். அந்தத் துணிகளை நெய்தவன் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். (கம்பெனிக்குத் துணி நெய்யத் தறிக்காரர்களைக் குடியமர்த்தி 1734-ல் உண்டாக்கிய பேட்டைதான் சிந்தாதிரிப்பேட்டை. சின்னத் தறிப்பேட்டை என்பது அப்படி ஆனதாகச் சொல்வார்கள். பேட்டைக்காரன் என்பதால் இந்தத் தகவலை விட மனசில்லை.)

இன்னொரு கல்யாணம். 1753 பிப்ரவரி 18. மாப்பிள்ளை ராபர்ட் கிளைவ், பெண் மார்கரெட் மாஸ்கலின். நாம் பரீட்சைக்கு உருப்போட்ட அதே கிளைவ்தான். பிளாசி யுத்தத்துக்கு நாலு வருஷம் முந்தி. ஆற்காட்டுச் சண்டைப் பெயரோடு அப்போதுதான் சீமைக்குக் கிளம்பத் தயாராயிருந்தார். இதில் எனக்குப் பிடித்தது மாப்பிள்ளை அல்ல, மந்திரம் சொன்னவர். கோட்டைக் குருவானவர் இல்லாத சமயம் என்பதால், வெளியிலிருந்து ஒரு ஜெர்மன் மிஷனரி வந்து கல்யாணத்தை நடத்திவைத்தார். அவர் பெயர் ஜான் பிலிப் பப்ரிசியஸ். தமிழ்ப் படித்தவர்களுக்குக் காது நிமிரும் பெயர் இது. வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். 1779-ல் தமிழ் - ஆங்கில அகராதி வெளியிட்டவர். 1761-ல் ஆங்கிலேயர் பாண்டிச்சேரியைப் பிடித்தபோது கிடைத்த அச்சுயந்திரத்தை அவர் கையில்தான் கொடுத்தார்கள். அதை வேப்பேரியில் வைத்து அச்சடித்தார். இவ்வளவு செய்த மனுஷர், பணக் கொடுக்கல் வாங்கலில் சிக்கிக் கடனுக்காகச் சிறையிலும் இருந்தார். ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நம் பஜாரிலும் உண்டு, அதனால் அவர் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

சரி, பெரிய மனுஷர் கல்யாணம் போதும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பதிவைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னை ரொம்ப நாள் தூங்கவிடாமல் பண்ணிய பதிவு அது.

1689 ஆகஸ்டு 19. மேரி, எலிசபெத், காதரின் என்று மூன்று பெண் குழந்தைகளுக்கு ஒரே நாளில் ஞானஸ்நானம். தகப்பன் ஜாப் சார்னாக். மறு வருஷம் 1690-ல் வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் போய் இறங்கி, கல்கத்தாவை உண்டாக்கியவர் என்று புத்தகங்கள் சொல்லும் அதே சார்னாக். அந்தக் குழந்தைகளின் தாய் ஓர் இந்தியப் பெண். உடன்கட்டை ஏறப்போனவளைச் சார்னாக் மீட்டுக்கொண்டு போனார் என்று ஒரு கதை உண்டு. கதை நிஜமோ பொய்யோ, பல வருஷம் சேர்ந்து குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். பதிவேட்டில் தகப்பன் பெயர் இருக்கிறது. ஞானத் தாய் தகப்பனாக நின்றவர்கள் பெயர் இருக்கிறது. பெற்றவள் பெயர் இல்லை.

எழுதியவருக்குத் தெரியாமல் போயிருக்குமா? கேட்டிருந்தால் அந்தப் பிள்ளைகளே சொல்லியிருக்குமே. தேவையில்லை என்று நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஒரு வார்த்தை எழுதியிருந்தால் போதும், அந்தம்மாள் இன்றைக்கும் இருந்திருப்பாள். பதிவேடு என்பது நியாயமான சாட்சி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பேனாவைப் பிடித்தவன் யாரை ஆளாக மதித்தானோ அவர்களைத்தான் அது காட்டுகிறது. இதைச் சொல்லுவதால் பதிவேடு வேண்டாம் என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கம் இல்லையென்றால், தாயின் பெயர் விட்டுப்போனதுகூட நமக்குத் தெரிந்திராது.

காகிதம் தவிரக் கல்லும் உண்டு. கோயிலைச் சுற்றிலும் தரை முழுக்கக் கல்லறைக் கற்கள் பாவியிருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடக்கத் தோன்றும். ஆனால் அவற்றுக்குக் கீழே யாரும் இல்லை! அந்த ஆட்கள் புதைந்திருப்பது வேறே இடம், இன்றைய சட்டக் கல்லூரிப் பக்கம். அங்கேதான் பழைய இடுகாடு இருந்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது, உயரமான அந்தக் கல்லறைகள் அவர் படைக்கு மறைவாக நின்று சுட வசதியாகப் போய்விட்டன. 1759 பிப்ரவரியில் முற்றுகை விலகியதும் ஆங்கிலேயர் செய்த வேலை, கல்லறைகளை இடித்துச் சமன் பண்ணியது. எழுத்து வெட்டிய கற்களை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்து கோயில் முற்றத்தில் பாவிவிட்டார்கள். லத்தீன், ஆங்கிலம், போர்ச்சுக்கீசியம், ஆர்மீனியன் என்று பல பாஷை. அங்கே இருக்கும் எலிசபெத் பேக்கர் என்ற அம்மாளின் கல் 1652-ஐச் சேர்ந்தது. கோயில் கட்டுவதற்கும் 28 வருஷம் முந்தியது. இந்தியாவிலுள்ள ஆங்கிலேயக் கல்வெட்டில் இதுவே பழையது என்கிறார்கள். கணவர் ஆரன் பேக்கர் கோட்டைக்குத் தலைவராகப் பதவியேற்கக் கப்பலில் வந்துகொண்டிருந்தபோது, வழியிலேயே பிரசவத்தில் அந்தம்மாள் போய்விட்டார்.

இடிக்காமல் விட்ட சமாதிகளில் ஒன்று, யேல் தன் நண்பர் ஹின்மர்ஸுக்கும் 1688-ல் குழந்தையாக இறந்துபோன தன் மகன் டேவிட்டுக்கும் கட்டியது. ஹின்மர்ஸ் யார்? மேலே சொன்னேனே, காதரின் அம்மாளின் முதல் கணவர். அவரோடு சேர்த்துத் தன் பிள்ளையையும் வைத்திருக்கிறார் யேல். இந்தச் சமாதியை இடம் மாற்றுவது சம்பந்தமாக வழக்கு வந்து, 2023-ல் உயர் நீதிமன்றம் வரை விசாரிக்கப்பட்டது. செத்து முந்நூறு வருஷம் கழித்தும் இருக்கிற இடத்துக்கு வம்பு!

கோயிலுக்குள்ளே இன்னொரு பக்கம், பெயரில்லாத ஒரு கல். 'நினைவாக' என்ற பொருளில் லத்தீனில் இரண்டே வார்த்தை. அடியில் இருப்பவர் பிகட் பிரபு என்கிறார்கள். லாலி முற்றுகையின்போது கோட்டையைக் காத்த அதே கவர்னர். இரண்டாம் முறை கவர்னராக வந்து, சொந்த சபையாராலேயே 1776-ல் கைதாகி, 1777-ல் காவலிலேயே இறந்தார். கல்லில் பெயர் போட அப்போது யாருக்கும் தைரியமில்லை போலும். நம் கொங்குப் பக்கத்து ஆட்கள் கேள்விப்பட்டிருக்கும் தாமஸ் மன்றோவும் இங்கேதான். 1827-ல் காலராவில் இறந்து கூத்தியில் அடக்கமானவரை, 1831-ல் எடுத்துவந்து இங்கே வைத்தார்கள்.

நிற்க. கரையானும் உப்புக்காற்றும் உள்ள ஊரில், கோட்டையே மூன்று வருஷம் எதிரி கையில் இருந்தும், இந்த எழுத்தெல்லாம் எப்படித் தப்பித்தது? இங்கேதான் அந்தக் கம்பெனிக்காரர்களின் குமாஸ்தா புத்தியை மெச்சவேண்டும். ஒரு பிரதியோடு அவர்கள் நிற்கவில்லை. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். சென்னை மாகாணத்துக் கோயில்கள் பலவற்றிலிருந்தும் இப்படிப் போன நகல்கள், 1698-லிருந்து 1969 வரைக்கும் உள்ளவை, இன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் வரிசையாக இருக்கின்றன. கவனியுங்கள், சுதந்திரம் வந்து 22 வருஷம் வரைக்கும்! 2014 முதல் அவற்றில் பெரும்பகுதியைக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம் என்றாகிவிட்டது. ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் இருக்கும் ஆங்கிலோ - இந்தியக் குடும்பங்கள் தங்கள் கொள்ளுப்பாட்டி கல்யாணத்தை இதில்தான் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

இங்கேயும் சும்மா இருக்கவில்லை. கோட்டையின் நாட்குறிப்பு, ஆலோசனைப் புத்தகங்களை அரசாங்கமே அச்சிட்டது. எழும்பூரில் 1909-ல் ஆவணக் காப்பகத்துக்கென்று தனிக் கட்டடம் எழும்பியது. கல்லில் இருந்த எழுத்தையெல்லாம் ஜே. ஜே. காட்டன் என்ற சிவில் அதிகாரி நடந்து நடந்து எழுதி 1905-ல் புத்தகமாகப் போட்டார். பிராங்க் பென்னி என்ற குருவானவர் சென்னைக் கோயில்களின் சரித்திரத்தை மூன்று பாகமாக எழுதினார். லவ் என்பவர் 1913-ல் பழைய சென்னையைப் பற்றி மூன்று பெரிய வால்யூம் கொண்டுவந்தார். மூலம் போனால் நகல், நகல் போனால் அச்சு, எல்லாம் போனால் கல். நாலில் ஒன்று நின்றுவிடும்.

இது ஆளுகிறவன் கோயில், அவனிடம் காசும் ஆளும் இருந்தது என்று ஒருத்தர் சொல்லலாம். நியாயந்தான். அதற்காகவே தரங்கம்பாடியைச் சொல்கிறேன். சீகன்பால்கு அங்கே வந்து இறங்கியது 1706. மறு வருஷம் மே 12-ல் அவர் கொடுத்த முதல் ஞானஸ்நானம் ஐந்து பேருக்கு. அந்த ஐந்து பேரும் டேனிஷ்காரர் வீட்டு அடிமைகள். கவர்னரும் இல்லை, தளபதியும் இல்லை. அவர்களுக்கும் எழுத்தில் இடம் கிடைத்தது. அந்த மிஷனின் கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் இன்றும் இருக்கின்றன. நம் கோயம்புத்தூருக்கும் அப்படித்தான். லண்டன் மிஷனைச் சேர்ந்த அடிஸ் 1830-ல் கோவைக்கு வந்தார். அந்த மிஷனின் பழைய காகிதங்கள் 1973 முதல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டுக் கல்லூரி நூலகத்தில் இருக்கின்றன.

மற்றபடி உள்ளூர்ச் சபைகளின் பதிவேடுகள் அந்தந்தக் கோயில் பீரோவிலேயே இருக்கும். 1872-ஆம் வருஷத்துக் கிறிஸ்தவ விவாகச் சட்டப்படி, கல்யாணத்தைப் பதிவேட்டில் எழுதுவதோடு, வருஷத்துக்கு நாலு தடவை மேலே விவரம் அனுப்பியாக வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவுக்கு நாடு முழுமைக்கும் ஒரே சட்டம் வந்ததே 1969-ல்தான். அதற்கு முந்திய தலைமுறைக்கு வயசுச் சான்று என்று கேட்டால் ஞானஸ்நான எழுத்துதான் கைகொடுக்கும். நம் செட்டு நண்பர் ஒருவருக்கு வாரிசு விஷயமாகத் தாத்தா, பாட்டி கல்யாணத்துக்கு ஆதாரம் தேவைப்பட்டது. நானும் கூடப் போனேன். ஆயர் பீரோவைத் திறந்து, தூசி தட்டி, அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். பாட்டி பெயர், அவர் அப்பா பெயர், வயசு, ஊர், எல்லாம் இருந்தது. கையெழுத்து இடத்தில் பாட்டியின் கைநாட்டு. நண்பர் அந்த மை ரேகை மேலே தன் பெருவிரலை வைத்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வரும்போது பஸ்ஸில்தான், "எங்க அப்பத்தாளுக்கு அப்படியொரு பேரு இருந்ததே எனக்கு இன்னைக்குத்தான்டா தெரியும்" என்றார். சார்னாக் வீட்டுக்காரிக்குக் கிடைக்காதது இந்த அப்பத்தாளுக்குக் கிடைத்திருக்கிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன். திருப்பூரில் பனியன் தொழில் 1925-ல் குலாம் காதர் என்பவர் வைத்த பேபி நிட்டிங்கிலிருந்து ஆரம்பம் என்று சொல்லுவோம். நூறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் எத்தனை கம்பெனி வந்தது, எத்தனை மூடியது! முதல் மெஷினை ஓட்டியவர் யார், கைமடித்தவர் யார், பிசிர் வெட்டிய பெண்கள் யார் என்று கேட்டால் எடுத்துக் காட்ட நம்மிடம் என்ன இருக்கிறது? பேரேடு, சிட்டை எல்லாம் எட்டு வருஷம் பொறுத்துப் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது. நானும் போட்டவன்தான். எங்கள் அப்பா காலத்துக் கணக்கு இரண்டு மூட்டை இருந்தது. கடையை மாற்றும்போது இடம் அடைக்கிறது என்று எடைக்குப் போட்டேன். அன்றைக்கு வந்த காசுக்கு எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கினேன். பி.ஏ. ஹிஸ்டரி!

2023 ஜூன் மாதம் காதர்பேட்டைப் பனியன் பஜாரில் தீப்பிடித்ததை எல்லோரும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். ஐம்பது கடைகள் போல சாம்பலாயின. சரக்கு நஷ்டத்தைத்தான் எல்லோரும் பேசினோம். ஒரு வாரம் கழித்து ஒரு கடைக்காரர் என்னிடம் வந்து, "சரக்கு போனாப் போவுதுங்க, யாரு எனக்கு எவ்வளவு தரோணும்ங்கிற நோட்டு போச்சுங்களே" என்றார். அவருக்குப் பாக்கி வைத்திருந்தவர்களில் சில பேர் தாங்களாகவே வந்து கணக்குச் சொன்னார்களாம். சில பேர் வரவேயில்லையாம்.

அன்றைக்கு இரவு வீட்டுக்குப் போய்ப் பீரோவைக் குடைந்தேன். எடைக்குப் போனதில் தப்பித்த ஒரே ஒரு சிட்டை, 1979-ஐச் சேர்ந்தது, அடியில் கிடந்தது. அதில் வாரக் கூலி பட்டுவாடா எழுதியிருந்தது. பெயர், பீஸ் எண்ணிக்கை, கொடுத்த தொகை. அப்பா எழுத்து என்றுதான் நினைத்தேன். வெளிச்சத்தில் பார்த்தால் அம்மா எழுத்து. அப்பா வெளியூர் போகிற வாரங்களிலெல்லாம் கல்லாவில் உட்கார்ந்து கூலி கொடுத்தது அம்மாதான் என்று எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. அந்த நோட்டில் நாற்பது ஐம்பது பேர் பெயர் இருக்கிறது. கட்டிங் ஆள், ஓவர்லாக் ஆள், செக்கிங் பெண்கள் எல்லோரும் இருக்கிறார்கள். எழுதியவர் பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. அட்டையில் கடை பெயரும் அப்பா பெயரும்தான். நான் பேனா எடுத்து முதல் பக்கத்தில் அம்மா பெயரையும் தேதியையும் எழுதினேன். பக்கங்களைப் பையனிடம் கொடுத்துப் போட்டோ எடுக்கச் சொல்லி, ஒரு நகல் தங்கச்சி வீட்டிலும் வைத்திருக்கிறோம்.

நம் சங்கத்துக்கு வருகிறேன். முதல் செட்டுப் போட்டோவில் பெயர் தெரியாத அந்த 23 பேர் படத்தையும் பெரிதாக்கி விழா அரங்கத்து வாசலில் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தவர்கள் கீழே எழுதவும். மூன்றாவது வரிசை ஒல்லிப் பையனுக்கு ஏற்கெனவே மூன்று பெயர் இருப்பதால், நிச்சயமாகத் தெரிந்தவர்கள் மட்டும் எழுதினால் நல்லது. பக்கத்து மேஜையில் பைண்டு பண்ணிய நோட்டு ஒன்றும் இருக்கும். பெயர், படித்த வருஷம், பாடம், சொந்த ஊர், இப்போது என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். தகப்பனார் பெயருக்குப் பக்கத்தில் தாயார் பெயருக்கும் ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன். விழா முடிந்ததும் இரண்டு நகல் எடுப்போம். ஒன்று கல்லூரி நூலகத்துக்கு, ஒன்று செயலாளர் வீட்டுக்கு. மூலம் காதர்பேட்டையில் என் கடை இரும்புப் பெட்டியில் இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மத்தியானம் வரைதான் கடை.

- வரலாற்றுத் துறை முன்னாள் மாணவர், காதர்பேட்டை, திருப்பூர்.